பள்ளி வேதியியற் கலைச்சொற்களும் பெயரிலக்கணமும்

உயர்நிலைப் பள்ளியில் வேதியியலைப் பயிலத் தொடங்கும் மாணாக்கர் பொருள்களை அறியுமுன் பெயர்களை எதிர்கொள்கின்றனர். தனிமம், சேர்மம், அமிலம், காரம், உப்பு என்னும் சொற்கள் ஓரிரு பாடங்களுள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றைக் குறித்துத் தமிழறிஞரிடையே நிகழ்ந்த வாதம் பெரும்பாலும் சொற்பிறப்பைப் பற்றியதாகவே அமைந்தது. தமிழ்ச்சொல் வேண்டுமா, வடசொல் வேண்டுமா, ஆங்கிலச் சொல்லே போதுமா என்பதே வினா. ஒரு சொல் வகுப்பறையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்னும் வினா அத்துணை எழுப்பப்பெறவில்லை. அதனையே ஈண்டு யாம் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

இம்முயற்சியின் வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளை எட்டியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வேதியியலைத் தமிழிற் றந்த நூல் 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் பெயரால் வெளிவந்தது. அயற்சொல்லொன்று 'அம்' ஈறு பெற்றுத் தமிழ்ப் பெயர்போல் நிற்பதை அத்தலைப்பிலேயே காண்கின்றோம். 1916-இல் சேலத்தில் இராசகோபாலாசாரியார் முதலியோர் அறிவியற் கலைச்சொல்லுக்கெனச் சங்கம் கண்டனர். பின்னர்த் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளிப் பாடங்கள் தமிழில் நிலைபெற்றபோது இருவேறு வழக்குகள் உருவாயின.

அவ்விரு வழக்குகளும் முதற்கண் ஒலியமைப்பில் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டார் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் என எழுத, ஈழத்தார் ஐதரசன், ஒட்சிசன், காபன் என்பர். ககர மெய் தன்னொடு தானே மயங்குவதன்றிப் பிற மெய்யொடு மயங்காது. டகர மெய்யோ க, ச, ப என்பவற்றொடும் மயங்கும். ஆகவே 'ஆக்சி' தமிழ் மெய்ம்மயக்கத்திற்குப் பொருந்தாது. 'ஒட்சி' கட்சி, ஆட்சி என்பனபோல் இயல்பாக நிற்கும். வல்லின மெய் ஈறாகாமையின் ஒட்சைட்டு, குளோரைட்டு என உகரமும் பெற்றன. வடவெழுத்தை நீக்கிச் சொல்லைத் தழுவுக என்னும் தொல்காப்பிய நெறி ஈண்டு வேதியியலுக்கும் நீட்டப்பெற்றுள்ளது.

இதனினும் பயனுடையது எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி. 'கார்பன் டை ஆக்சைடு' என்று கற்கும் மாணாக்கர் 'மோனோ', 'டை', 'ட்ரை' என்னும் கிரேக்க எண்களைத் தனியே மனத்திற் பதித்தல் வேண்டும். ஈழத்து மாணாக்கர்க்குக் காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு என்னும் பெயர்களிலேயே ஓரணுவும் ஈரணுவும் தோன்றும். உயிர்முன் 'ஈர்' என்றும் மெய்முன் 'இரு' என்றும் வரும் பழைய விதியே ஈரொட்சைட்டு, இருகுளோரைட்டு என்பவற்றை ஆள்கின்றது. பழைய 'கரியமிலவாயு' பொருள் விளக்கமுடையதேனும், அப்பொருளில் ஒட்சிசன் அணுக்கள் எத்தனை என்பதைச் சொல்லாது. எனினும் புணர்ச்சியால் நீண்ட சொல்லைப் பிரித்தறியாத மாணாக்கர்க்குக் காபனீரொட்சைட்டும் ஒரு புதிரே. ஆகவே அதனைப் பிரித்துக் காட்டும் கடமை வேதியியலாசிரியரையும் சாரும்.

இவ்வாறு வடிவில் மட்டும் வேறுபடும் சொற்களால் பெருந்தீங்கு விளைவதில்லை. வடிவு ஒன்றாயிருந்து பொருள் வேறுபடும் சொல்லே இடர் தருவது. அத்தகையது 'காரம்'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்கள் யாவும் காரம்; அவற்றுள் நீரிற் கரைவன எரிகாரம். ஈழ வழக்கில் அப்பொருள்கள் யாவும் மூலம். நீரிற் கரைவன மட்டுமே காரம். செம்பின் கரிய ஆக்சைடு அமிலத்தை நடுநிலையாக்கும், நீரிற் கரையாது. ஆகவே 'இது காரம்' என்னும் விடை மதுரையிற் சரி, யாழ்ப்பாணத்திற் பிழை. மேலும் மூலம், மூலகம், மூலக்கூறு என மூன்று வேறு கருத்துக்கள் ஈழத்தில் ஒரே அடியிற் பிறந்து மயக்கம் தருதலும் உண்டு.

உலக வழக்கும் இதனொடு கலக்கின்றது. மிளகாயின் உறைப்பும் காரம் எனப்படுகின்றது; ஆயின் அது வேதியியற் காரமன்று. சவுக்காரம், வெண்காரம் என்னும் பெயர்கள் பொருத்தமுடையன. அவற்றின் நீர்க்கரைசல் காரத்தன்மை காட்டும். படிகாரமோ பெயராற் காரமாயினும் அதன் கரைசல் நீல லிட்மசைச் சிவப்பாக்கும். பெயரை நம்பிய மாணாக்கர் சோதனைக் குழாயின்முன் திகைப்பர். அத்திகைப்பை அறியாமை எனக் கடிதல் தகாது. அது சொல்லைக் கருத்தூன்றிக் கற்றமையின் விளைவேயாம்.

இவ்விடர் தமிழுக்கே உரியதன்று. இலவாசியர் ஆக்சிஜன் என்னும் பெயரை 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட அமைத்தார். அமிலங்கள் யாவற்றிலும் அவ்வாயு உண்டு என்பது அவர் துணிபு. 1810-இல் தேவியார் குளோரின் ஒரு தனிமம் என நிறுவவே, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது தெளிவாயிற்று. காரணம் பொய்த்தது, பெயர் நின்றது. 'ஆக்சிஜனேற்றம்' என்பதும் அத்தகையதே. தொடக்க வகுப்பில் அது ஆக்சிஜனொடு சேர்தல். மேல்வகுப்பில் எலக்ட்ரானை இழத்தல். சோடியம் குளோரின் வாயுவில் எரிந்து உப்பாகுங்கால் ஆக்சிஜன் சிறிதும் இல்லை. ஆயினும் சோடியம் ஆக்சிஜனேற்றமடைந்தது என்றே கூறுவர். ஈழத்து 'ஒட்சியேற்றம்' வாயுவின் முழுப்பெயரைக் கூறாமையின் இம்மயக்கத்தைச் சிறிது குறைக்கின்றது, முற்றும் நீக்கவில்லை.

இந்நிலையை விளக்கத் தக்க கருவி நம் இலக்கணத்திலேயே உண்டு. பெயர்களை இடுகுறி என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்த நன்னூல், காரணம் பற்றி வந்து இடுகுறியளவாய் நிற்பனவற்றையும் உடன்படுகின்றது. முள்ளுடைய செடிகள் பலவாயினும் 'முள்ளி' என்பது ஒன்றற்கே உரியதாதல் காட்டாகும். அறிவியற் கலைச்சொற்களுட் பலவும் இக்காரண இடுகுறி வகையின என்பது எம் கருத்து. பெயரிடுங்கால் காரணம் துணைசெய்கின்றது. பின்னர்ப் பொருளை வரையறுப்பது அக்காரணமன்று, அத்துறையின் இலக்கணமேயாம்.

இதனால் பெறப்படுவன இரண்டு. சொல்லாக்குவோர் ஒரு சொல்லின் தூய்மையை மட்டும் நோக்காது, அதன் இனச்சொற்களொடு அது மயங்குமா, எண்ணும் விகுதியும் ஏற்று வளருமா என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். பாடநூல் எழுதுவோர் புதுச்சொல் வருமிடத்து அதன் பிறப்பையும், அக்காரணம் செல்லும் எல்லையையும், கடலுக்கப்பாலுள்ள வழக்கையும் ஓரிரு வரியிற் குறித்தல் வேண்டும். ஓரிடத்தார் சொல்லை மற்றோரிடத்தார் ஏற்கும்வரை காத்திருத்தல் வேண்டா. 'காரம்' என்னும் ஒரு சொல்லுக்கேனும் இக்குறிப்பு அமையுமாயின், மதுரை மாணாக்கர் யாழ்ப்பாணத்து நூலையும், யாழ்ப்பாணத்தார் மதுரை நூலையும் பிழையுணராது கற்க வழி பிறக்கும். இப்பணி வேதியியலார்க்கு மட்டுமே உரியதன்று, தமிழ்த்துறையினர்க்கும் உரியதென்க.