நிரல் நூலகமும் அதன் பயனும்

இணையப் பக்கமொன்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு செயல் நிகழ்தல் வேண்டும். இதனினும் எளிய தேவை வேறில்லை என நாம் எண்ணுவோம். ஆயினும் 2006-ஆம் ஆண்டளவில் இச்சிறு வேலைக்கே நிரலாளர் இருவகையாய் எழுத நேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி ஒன்றேயாயினும், அதனை இயக்கும் உலாவிகள் தம்முள் வேறுபட்டிருந்தன. பயர்பாக்ஸ் முதலியன 'ஆட் ஈவென்ட் லிசனர்' என்னும் ஆணையை ஏற்றன; இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ 'அட்டாச் ஈவென்ட்' என்னும் வேறோர் ஆணையையே அறிந்திருந்தது. 2011-இல் வெளிவந்த அதன் ஒன்பதாம் பதிப்பிலேதான் இவ்வேற்றுமை நீங்கிற்று.

இவ்விடரைக் களைய எழுந்தவற்றுள் பெரிதும் பரவியது, ஜான் ரெசிக் என்பார் 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட ஜேக்வெரி என்னும் நிரல் நூலகமாகும். நிரல் நூலகமாவது யாதோவெனின், பலர்க்கும் பயன்படும் செயல்களை முன்னரே எழுதிச் சோதித்து வைத்த தொகுதி என்க. பல மொழியினர் கூடிய சபையில் துபாஷி நிற்பது போல, அது நிரலாளர்க்கும் உலாவிகட்கும் இடையே நின்றது. நிரலாளர் ஓர் ஆணையை எழுதினாற் போதும். அவ்வவ்வுலாவிக்கேற்ப அதனை நிறைவேற்றுவது நூலகத்தின் பொறுப்பாயிற்று. அன்றியும், பக்கத்திலுள்ள பத்துப் பத்திகளை மறைத்தற்கு அவற்றை ஒவ்வொன்றாய் நாடவேண்டுவதில்லை. ஒரு வரியே அமையும்.

இனி, இவ்வெளிமையில் மறைந்துள்ள ஓர் இடரையும் அறிதல் வேண்டும். தேடும் உறுப்பின் பெயரை ஓரெழுத்துப் பிழைபட எழுதினால், ஜேக்வெரி வெறுந் தொகுதியொன்றைத் தந்து வாளாவிருக்கும். பிழைச்செய்தி யாதும் தோன்றாது. நூலகமின்றி எழுதிய நிரலோ, இல்லாத உறுப்பின்மேற் செயல்புரிய முயன்றவிடத்தே பிழைகூறி நின்றுவிடும். அடிப்படை மொழியைக் கல்லாது நூலகத்தை மட்டும் கற்ற மாணவர், பொத்தான் ஏன் இயங்கவில்லை என்றறியாது நெடுநேரம் மயங்குவர்.

காலப்போக்கில் உலாவிகள் தம்முள் ஒன்றுபட்டன; ஜேக்வெரி தந்த வசதிகள் பலவற்றிற்கு ஒத்தவை அவற்றிலேயே அமைந்தன. கிட்ஹப் தளம் 2018-இல் ஜேக்வெரியை நீக்கிற்று; 2021-இல் வந்த பூட்ஸ்டிராப் ஐந்தாம் பதிப்பும் அதனைச் சாராதாயிற்று. யாவரும் ஒருமொழி பேசுமிடத்துத் துபாஷிக்கு வேலை குறைதல் இயல்பன்றோ? சுருக்கி அனுப்பினும் ஏறத்தாழ 30 கிலோபைட் அளவுள்ள நூலகத்தை ஒரு பொத்தானுக்காகப் படிப்போர்மேற் சுமத்துதல் தகாது. எனினும், பழைய தளங்கள் பலவற்றில் அஃது இன்றும் இயங்குதலின், அதனைக் கற்றல் வீணன்று.

ஆகவே, மாணவர் எந்நூலகத்தைக் கையாளப் புகினும், அது செய்யும் வேலையொன்றை முதற்கண் அதன் துணையின்றித் தாமே எழுதிப் பார்ப்பாராக. அங்ஙனம் எழுதியவர்க்கே, நூலகம் எவ்விடத்து உதவும், எவ்விடத்து வேண்டாததாகும் என்பது விளங்கும்.