மதுரையும் திருச்சியும் இரண்டே நாளில்!
வாழைத்தாரோடு புறப்படும் சாணார்பட்டிக் குடும்பம்

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது, சாணார்பட்டி. மாந்தோப்புகளுக்குப் பேர் போன பகுதி அது. அங்கே ஒரு வீட்டில், சில நாட்களாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மாநாடு கூடுகிறது!

மாநாட்டுக்குத் தலைவர், அப்பத்தா. வயது 70. மகனும் மருமகளும் உறுப்பினர்கள். 12 வயதுப் பேத்தியும் 9 வயதுப் பேரனும் பார்வையாளர்கள். ஆனால் அதிகமாகப் பேசுவது பார்வையாளர்கள்தான்.

பேச்சு எதைப் பற்றி? ஒரு பயணத்தைப் பற்றி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பேத்தி பிறக்கும் நேரத்தில் மருமகள் இரண்டு நாட்கள் வலியால் துடித்தாள். அப்பத்தா ஆஸ்பத்திரி வாசலில் நின்று, திருச்சி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயுமானவரே! ரெண்டு உசிரையும் காப்பாத்திக் குடு. உன் சன்னதிக்கு வாழைத்தார் கொண்டு வாரேன்" என்று வேண்டிக் கொண்டாள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வாழைத்தார் மட்டும் போகவில்லை. ஓர் ஆண்டு மழை இல்லை. ஓர் ஆண்டு பணம் இல்லை. அதன்பிறகு கொரோனா வந்தது. இப்படியே 12 ஆண்டுகள் ஓடிவிட்டன.

"கால் நடக்கும்போதே கடனைத் தீர்த்திரணும்ய்யா" என்று மகனிடம் சொல்லி விட்டாள், அப்பத்தா.

தாயாக வந்த சிவன்

தாயுமானவர் கோயில் திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு.

திருச்சியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரம். அவளுடைய தாய் காவிரிக்கு அக்கரையில் இருந்தாள். ஆற்றில் வெள்ளம் புரண்டது. தாயால் வர முடியவில்லை. சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து, பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்தபோதுதான், வந்தவர் யார் என்பது தெரிந்தது. அதனால் அவர் "தாயும் ஆனவர்". சுகப் பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் செலுத்துவது இன்றும் நடக்கிறது.

"திருச்சிக்குப் போவதுதான் போகிறோம். மதுரையையும் சேர்த்துப் பார்த்து விடலாமே!" என்றார், மகன். குழந்தைகள் இருவரும் மதுரையைப் பார்த்ததில்லை. நத்தம் வழியாகப் பேருந்து ஏறினால் மதுரை வந்துவிடும். ஆனாலும் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்தானே என்று தள்ளிப் போடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்!

வீட்டில் கறவை மாடு இரண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு நாட்களுக்குப் பால் பீய்ச்ச ஒப்புக் கொண்டார். மூன்றாவது நாள் முடியாது. ஆகவே இரண்டு நாள் பயணம் என்பது மாநாட்டில் ஒருமனதாக முடிவாயிற்று.

சளி பிடித்த மன்னர்

மதுரை, திருச்சி இரண்டுமே நாயக்க மன்னர்களின் தலைநகராக இருந்தவை. தலைநகர் இங்கும் அங்குமாக மாறிக் கொண்டே இருந்தது. அந்தக் கதையில் திண்டுக்கல்லுக்கும் பங்கு உண்டு.

திருமலை நாயக்கர் 1623-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்தார். அப்போது தலைநகர் திருச்சி. மன்னருக்கோ தீராத சளித் தொல்லை. அரண்மனை வைத்தியர்கள் கைவிரித்து விட்டார்கள். திருச்சியில் இருந்து மதுரைக்குப் போகும் வழியில் அவர் திண்டுக்கல்லில் தங்கினார். அன்று அவர் கனவில் மீனாட்சியும் சொக்கநாதரும் தோன்றி, "மதுரையிலேயே தங்கி எங்களுக்குத் திருப்பணி செய். நோய் தீரும்" என்றார்களாம். மன்னர் சம்மதித்தார். சளி பறந்தது! தலைநகர் மதுரைக்கு வந்தது. இது மக்கள் சொல்லும் கதை. தலைநகர் 1635-ம் ஆண்டு வாக்கில் மாறியது என்பது வரலாறு.

1636-ல் திருமலை நாயக்கர் மகால் எழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய மாளிகை. சொர்க்க விலாசத்தின் நடுவே நின்று தலையை உயர்த்திப் பார்த்தால், பெரிய குவிமாடம் வானம் போல் கவிந்து நிற்கும். மரத்தாங்கல் இல்லை. இரும்பு உத்தரமும் இல்லை.

ஆனால் இன்று பார்ப்பது முழு மகால் அல்ல. ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் மிஞ்சி இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர், 1665 வாக்கில் தலைநகரை மறுபடியும் திருச்சிக்கே கொண்டு போனார். போகும்போது தாத்தாவின் மாளிகையில் ஒரு பகுதியை இடித்து, தூண்களையும் வேலைப்பாடுகளையும் எடுத்துச் சென்றார். அவற்றைக் கொண்டு திருச்சியில் அரண்மனை கட்டினார் என்கிறார்கள். அதில் எஞ்சிய தர்பார் மண்டபம்தான் இன்று ராணி மங்கம்மாள் மகால் என்று அழைக்கப்படுகிறது. மங்கம்மாள், சொக்கநாதரின் மனைவி. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாட்டை ஆண்டவர். கட்டியவர் கணவர். பெயர் கிடைத்தது மனைவிக்கு!

மதுரையில் எஞ்சிய பகுதியும் பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்கச் செய்தார். அப்படிப் பிழைத்ததைத்தான் இன்று கட்டணம் கொடுத்துப் பார்க்கிறோம்.

இதை மகன் விளக்கியதும் பேரன் துள்ளினான். "அப்பா, அப்போ மதுரையில இல்லாத தூணைத் திருச்சியில தேடணும்!" என்றான்.

போலந்திலும் இப்படித்தான்

ஐரோப்பாவில் உள்ள போலந்து நாட்டிலும் இதே கதை உண்டு. அங்கே பழைய தலைநகர் கிராக்கோவ். மூன்றாம் சிகிஸ்மண்ட் என்ற மன்னர் 1596-ம் ஆண்டில் அரசவையை வார்சாவுக்கு மாற்றத் தொடங்கினார். அதன்பிறகும் நெடுங்காலம் முடிசூட்டு விழா கிராக்கோவில்தான் நடந்து வந்தது. இன்று இரண்டு நகரங்களுக்கும் இடையே ரெயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். சுற்றுலாப் பயணிகள் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்து விடுகிறார்கள். மதுரைக்கும் திருச்சிக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே நேரம்தான். அங்கே ஒரு வித்தியாசம். இரண்டாம் உலகப் போரில் வார்சா தரைமட்டமானது. பழைய நகரை மக்கள் பழைய படங்களைப் பார்த்து மறுபடியும் கட்டினார்கள்.

எப்படிப் போவது?

போன வழியிலேயே திரும்பக் கூடாது என்பது மகனின் ஆசை. சாணார்பட்டிக்கு அந்த வசதி இருக்கிறது. கிழக்கே நத்தம், மேற்கே திண்டுக்கல்.

சனிக்கிழமை விடியற்காலையில் நத்தம் வழியாக மதுரைக்குப் பேருந்து. 2023-ல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். குழந்தைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை! நேராக மீனாட்சி கோயில். பகல் 12.30 மணிக்கு நடை சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு போகக் கூடாது. 2018-ல் கோயிலில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு வந்த தடை இது. பிற்பகலில் மகால். இரவு ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி.

ஞாயிறு காலை வைகை எக்ஸ்பிரஸ். 1977-ல் ஓடத் தொடங்கிய ரெயில். டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்து விட்டார், மருமகள். திருச்சியில் இறங்கியதும் வேறு எதையும் பார்க்காமல் மலைக்கோட்டை. தாயுமானவர் சன்னதியும் நண்பகலில் சாத்தி விடுவார்கள். வெயில் ஏறினால் படியில் கால் வைக்க முடியாது. பிறகு மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் மங்கம்மாள் மகால். அங்கே அரசு அருங்காட்சியகம் நடக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். மாலையில் சென்னையில் இருந்து திரும்பி வரும் வைகையைப் பிடித்தால், இரவு திண்டுக்கல். அங்கிருந்து நத்தம் பேருந்தில் வீடு.

அப்பத்தா குறுக்கிட்டாள். "திருச்சி வரைக்கும் போயிட்டு ரங்கநாதரைப் பார்க்காம வர்றதா?"

மகன் தலையைச் சொறிந்தார். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர். ஏழு பிரகாரங்கள். ராஜகோபுரம் மட்டும் 236 அடி. அரை மணி நேரத்தில் ஓடிப் பார்க்கும் இடமா அது? மலையும் ஏறி, ஸ்ரீரங்கமும் நடந்தால், அப்பத்தாவின் முழங்கால் என்ன ஆகும்?

"அத்தை, அவரு எங்கேயும் போயிற மாட்டாரு. படுத்துத்தான இருக்காரு! அடுத்த தடவை அவருக்குன்னே போவோம்" என்றாள், மருமகள். அப்பத்தாவே சிரித்து விட்டாள்.

அடுத்த சிக்கல், படிகள். உச்சிப் பிள்ளையார் கோயில் வரை 417 படிகள். மலையின் உயரம் 273 அடி. ஆனால் தாயுமானவர் சன்னதி பாதி வழியிலேயே வந்துவிடும். அப்பத்தா அங்கேயே உட்கார்ந்து கொள்வாள். பேரனும் தகப்பனும் உச்சி வரை போய் வருவார்கள். பேத்தி, அப்பத்தாவுக்குத் துணை. அவளுக்காகத்தானே இந்தப் பயணம்!

வாழைத்தாரைத் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கிக் கொள்ளலாம் என்றார், மகன்.

"கடையில வாங்கிக் குடுக்கவா பன்னெண்டு வருசம் காத்திருந்தேன்?" என்று அப்பத்தா சீறினாள். கொல்லைப்புறத்தில் அவளே தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தில் ஒரு தார் தள்ளி இருக்கிறது. அதுதான் போக வேண்டும். அந்தத் தாரை மதுரை விடுதியில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் ரெயிலில் ஏற்ற வேண்டும். யார் தூக்குவது? மகன்தான்!

மறுநாள் காலையில் மகன் கொல்லைக்குப் போய்க் காயை அழுத்திப் பார்த்தார். முற்றுவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும். பேத்தி நாட்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள். அப்பத்தா இப்போது தினமும் மாலையில் மாடிப்படியை மூன்று தடவை ஏறி இறங்குகிறாள்.