எஞ்சின் எண்ணெய் மாற்றும் காலமும் கமக்காரரின் செலவும்

துலாவினாலும் சூத்திரத்தினாலும் நீரிறைத்த காலத்திலே கமக்காரர் கயிற்றையும் பட்டையையும் பார்த்த பின்னரே இறைப்பைத் தொடங்குவர். தேய்ந்த கயிறு கண்ணுக்குத் தெரியும். ஆதலால் அறுவதற்கு முன்னரே அது மாற்றப்பட்டது. இன்று அவ்வேலையை நீரிறைக்கும் இயந்திரம் செய்கின்றது. இதனுள்ளே தேய்வது எதுவும் வெளியே தெரிவதில்லை. வெங்காயம் குமிழ் திரளும் வேளையில், அல்லது மிளகாய் பூத்துக் காய்க்கும் வேளையில், ஒரு நாட் காலை இயந்திரம் இறுகி நின்றபின்னரே தேய்வு நிகழ்ந்தமை தெரிய வருகின்றது. அப்போது இழப்பது உதிரிப் பாகங்களின் விலை மட்டுமன்று. நீரின்றி வாடும் பயிரும் அவ்விழப்பிற் சேரும்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டைக் கமக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவ்வாறு செலவு ஏறும்போது முதலிற் குறைக்கத் தோன்றுவது எஞ்சின் எண்ணெயே. சிலர் அதனை மாற்றுங் காலத்தைத் தள்ளிப் போடுவர். சிலர் மலிவான எண்ணெயைத் தேடுவர். வேறு சிலர் பயத்தினால் நல்ல எண்ணெயையும் வடித்துக் கொட்டுவர். இம்மூன்றும் நட்டமே. எப்போது மாற்றுவது என்பதை நிச்சயிக்கும் முறையை அறிந்தவர் எண்ணெயையும் வீணாக்கார், இயந்திரத்தையும் இழக்கமாட்டார்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சின் எண்ணெய் உராயும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவை ஒன்றையொன்று அரியாவண்ணம் தடுக்கின்றது. அதனோடு வெப்பத்தை அகற்றுதல், கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்ளுதல், துருப்பிடிக்காது காத்தல் ஆகிய வேலைகளையும் செய்கின்றது. இவற்றுக்கென எண்ணெயிற் சில மருந்துப் பொருட்கள் சேர்க்கப்பட்டுள்ளன. இயந்திரம் ஓட ஓட இப்பொருட்கள் செலவழிந்து போகின்றன; கரி, தூசி, நீர், எரியாத எரிபொருள் என்பன வந்து சேருகின்றன. எண்ணெயை மாற்றுவதன் காரணம் இதுவே. குறைந்த அளவுக்கு மேலே புதிய எண்ணெய் ஊற்றி நிரப்புவதனால் மாத்திரம் பழைய அழுக்கு நீங்கிவிடாது.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்யலாமா?

எண்ணெய் கறுத்துவிட்டது, எனவே கெட்டுவிட்டது என எண்ணுவோர் பலர். டீசல் இயந்திரத்தில் ஊற்றிய புது எண்ணெய் சில மணித்தியாலங்களிலேயே கறுத்துவிடும். கரித்தூளை ஓரிடத்திற் படியவிடாது எண்ணெய் தன்னுள் ஏந்தியிருப்பதே அதற்குக் காரணம். அஃது எண்ணெய் தன் கடமையைச் செய்வதன் அடையாளம். ஆகவே கறுப்பு நிறத்தை மட்டும் கண்டு எண்ணெயை வடித்தலாகாது. நிறம் தெளிவாயிருப்பது கண்டு காலங் கடந்தும் ஓட்டுதலும் ஆகாது.

எனினும் மூன்று குறிகளைக் கண்டவுடன் கணக்குப் பாராது எண்ணெயை மாற்றுதல் வேண்டும். எண்ணெய் பால்போல வெளிறியிருப்பின் அதில் நீர் கலந்துள்ளது. விரலிடையே தேய்க்கும்போது நறநறவென்றிருப்பின் மண்ணோ உலோகத் தூளோ சேர்ந்துள்ளது. அளவுகோலில் எண்ணெய் மட்டம் ஏறியும், எரிபொருள் மணம் வீசியுமிருப்பின் எரிபொருள் உள்ளிறங்கியுள்ளது. இவற்றில் எதைக் கண்டாலும் காரணத்தையும் கண்டு திருத்துதல் அவசியம். இல்லையேல் புதிய எண்ணெயும் அவ்வாறே கெடும்.

மணித்தியாலக் கணக்கு

எண்ணெய் மாற்றுவதற்குச் சரியான அளவு இயந்திரம் ஓடிய மணித்தியாலமாகும். இயந்திரத்துடன் கிடைக்கும் கைந்நூலில் இது குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, நீரிறைப்புக்குப் பெரிதும் பயன்படும் ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 என்னும் பெற்றோல் இயந்திரத்துக்கு, முதன்முறை 20 மணித்தியாலத்தில் அல்லது ஒரு மாதத்திலும், அதன்பின் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுமாறு கூறப்பட்டுள்ளது. இவ்விரண்டில் எது முன்னர் வருகின்றதோ அதனையே கொள்ளுதல் வேண்டும். இது கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ 0.6 லீற்றர். புதிய இயந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உலோகத்தூள் உதிர்வதனாலேயே முதல் மாற்றம் விரைவிற் செய்யப்படுகின்றது.

நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஐந்து மணித்தியாலம் இறைக்கும் தோட்டக்காரர் 80 நாட்களில் 100 மணித்தியாலத்தை எட்டுவார். இரண்டு மணித்தியாலம் மாத்திரம் இறைப்பவர் அதே காலத்தில் 40 மணித்தியாலமே ஓட்டியிருப்பார். அயலவர் மாற்றுகின்றார் என்பதற்காக இவரும் மாற்றின் பாதி எண்ணெய்க்கு மேல் வீணாகும். எனவே ஒவ்வொருவரும் தத்தம் இயந்திரத்துக்குத் தனிக் கணக்கு வைத்தல் நன்று. இதற்குப் பெரிய ஏடு வேண்டியதில்லை. இயந்திரக் கொட்டிலின் சுவரில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கோடாகக் கரியால் இட்டு, நூறு கோடு நிறைந்தவுடன் எண்ணெயை மாற்றிச் சுவரை அழித்துவிடலாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள்

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. இயந்திரம் சூடேறு முன்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டால் அதில் ஒரு பகுதி எரியாது சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் நீர்த்துவிடும், உராயும் பாகங்களைக் காக்கும் படலம் மெலிந்துவிடும். அளவுகோலில் மட்டம் குறையாதிருப்பது கண்டு, இயந்திரம் எண்ணெய் குடிப்பதில்லையென மகிழ்பவர் உண்மையில் மண்ணெண்ணெயையே அளக்கின்றார்.

இதற்குப் பரிகாரம் எளிது. பெற்றோலிலே தொடங்கி, இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால் அடுத்தமுறை தொடங்குவதும் இலகுவாகும். இத்தகைய இயந்திரத்துக்கு 100 மணித்தியாலம் வரை காத்திராது, எண்ணெயின் மணத்தையும் தடிப்பையும் பார்த்து, அதன் பாதிக் காலத்திலேயே மாற்றுவது பாதுகாப்பானது.

உழவு இயந்திரங்கள்

நெற்செய்கையாளரின் இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கும் இம்முறையே பொருந்தும். மணித்தியாலங்கள் மாத்திரம் வேறுபடும். ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரங்களுக்கு ஏறக்குறைய 100 மணித்தியாலமும், எண்ணெய் வடியுடைய பெரிய உழவு இயந்திரங்கள் பலவற்றுக்கு 200 முதல் 250 மணித்தியாலம் வரையும் கைந்நூல்களிற் கூறப்படுவதுண்டு. தத்தம் இயந்திரத்தின் நூல் கூறுவதே இறுதியானது. எண்ணெய் வடியையும் உரிய முறையில் மாற்றுதல் வேண்டும். பழைய வடியில் தேங்கிய அழுக்கு புதிய எண்ணெயை நாடி வரும்.

சேற்றுழவின்போது இயந்திரம் முழுப் பாரத்துடன் உழைக்கின்றது. சூடடிக்கும்போது பதரும் தூசியும் அதனைச் சூழ்கின்றன. இவ்வேலைகள் தொடர்ந்து நடைபெறும் போகத்தில் மாற்றுங் காலத்தை முன்தள்ளுதல் தகும். எண்ணெய்த் தொட்டியுடைய காற்று வடியாயின் அதிலுள்ள எண்ணெயையும் நாள்தோறும் பார்த்துச் சேறு படிந்திருப்பின் மாற்றுக. காற்று வடியின் வழியே நுழையும் தூசி எத்துணை நல்ல எண்ணெயையும் அரத்தூளாக்கிவிடும்.

பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றும் மருந்து தெளிக்கும் இயந்திரங்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவற்றில் வடித்து மாற்றுவதற்கு எண்ணெய் இல்லை. கலவையின் அளவே கவனிக்கத்தக்கது.

சேமிப்பு எங்கே உண்டு?

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்ணெய் லீற்றர் 2,000 ரூபா எனவும், எரிபொருள் லீற்றர் 300 ரூபா எனவும், இயந்திரம் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் எரிபொருள் கொள்ளும் எனவும் வைத்துக்கொள்க. விலை மாறினால் இவ்விலக்கங்களையும் மாற்றிக்கொள்ளலாம். 100 மணித்தியாலத்துக்கு எரிபொருட் செலவு 30,000 ரூபா, 0.6 லீற்றர் எண்ணெயின் செலவு 1,200 ரூபா. எண்ணெயை மாற்றாது 200 மணித்தியாலம் ஓட்டுபவர் ஒவ்வொரு 100 மணித்தியாலத்திலும் சேமிப்பது 600 ரூபா மாத்திரமே. அஃது இரண்டு லீற்றர் எரிபொருளின் விலை. அதற்காக அவர் பணயம் வைப்பது முழு இயந்திரத்தையும், அந்த நாட் பயிரையுமாகும்.

அந்த இரண்டு லீற்றரை வேறு வழிகளில் இலகுவாகச் சேமிக்கலாம். உறிஞ்சு குழாயின் பொருத்துக்களிற் காற்றுப் புகாது இறுக்குதல், ஒழுகும் குழாயை மாற்றுதல், வாய்க்காலிற் கசிவை அடைத்தல், காற்று வடியைத் துப்புரவு செய்தல் ஆகியன இறைக்கும் நேரத்தையே குறைக்கும். நேரம் குறைந்தால் எரிபொருளும் குறையும்; எண்ணெய் மாற்றும் நாளும் தள்ளிப் போகும்.

எண்ணெய் வாங்குவதிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. தகரத்தின்மீது இரு குறிகளைக் காணலாம். எஸ்.ஏ.ஈ. என்ற எழுத்துக்களை அடுத்துவரும் எண் எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும். இம்முறை அமெரிக்காவிலே 1911ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. ஏ.பீ.ஐ. என்பதை அடுத்து எஸ் என்ற எழுத்து முதலில் வரின் அது பெற்றோல் இயந்திரத்துக்கும், சீ என்ற எழுத்து முதலில் வரின் டீசல் இயந்திரத்துக்கும் உரியது. கைந்நூல் கூறும் குறிகள் பொருந்தியிருப்பின் அதற்கு மேலான விலையுயர்ந்த எண்ணெய் வேண்டியதில்லை. ஆனால் பீப்பாவிலிருந்து சில்லறையாக அளந்து விற்கும், பெயரறியா எண்ணெயை வாங்குதல் சிக்கனமன்று. ஒரேவகை இயந்திரமுடைய கமக்காரர் சிலர் சேர்ந்து முத்திரையிட்ட பெரிய தகரமொன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வது மேல்.

வடித்த எண்ணெயைத் துணியால் வடித்து மீண்டும் ஊற்றும் வழக்கம் கைவிடத்தக்கது. துணி பெருந்துகளைத் தடுக்கும்; எண்ணெயிற் கலந்த எரிபொருளையும் நீரையும் அமிலத்தையும் தடுக்காது.

மாற்றும் முறை

இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட்டிச் சூடேறியபின் நிறுத்தி, சமதரையில் வைத்து வடிக்கவேண்டும். சூடான எண்ணெயோடு அழுக்கும் வெளியேறும். கை சுடாதிருக்கக் கவனம் வேண்டும். வடிக்கும் ஆணியை இறுக்கியபின் குறித்த மட்டம் வரை மாத்திரமே புதிய எண்ணெய் ஊற்றுக. மிகுதியாக ஊற்றினால் நுரைத்து ஒழுகும். குறைவாயின் பாகங்கள் உலர்ந்து இறுகும். சரிந்த வரம்பின்மீது இயந்திரத்தை வைத்து ஓட்டுதலும் ஆகாது.

பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் பெருந்தீங்காகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது அதன் வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சென்றடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையாற் குடிநீருக்கு மக்கள் பட்ட துன்பமும், அவ்வழக்கு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றமையும் யாவரும் அறிந்ததே. வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் திருத்தகத்திற் கொடுத்துவிடுதல் வேண்டும். கையிற் பட்டதைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

கவனத்திற் கொள்ளவேண்டியவை

1. ஒவ்வொரு நாளும் இயந்திரத்தைத் தொடங்குமுன் அளவுகோலைத் துடைத்து மட்டத்தைப் பார்க்க.
2. ஓடிய மணித்தியாலத்தைக் குறித்து வைக்க. நிறத்தை மாத்திரம் நம்பற்க.
3. பால்நிறம், நறநறப்பு, ஏறிய மட்டம் ஆகிய குறிகளில் ஒன்றைக் கண்டால் உடனே மாற்றுக.
4. தூசியும் பாரமும் மிகுந்த வேலையிலும், மண்ணெண்ணெயில் ஓட்டும்போதும் காலத்தைக் குறைக்க.
5. கைந்நூல் கூறும் குறியுடைய எண்ணெயை முத்திரையுடன் வாங்குக.

துலாக் கயிற்றை நாள்தோறும் தடவிப் பார்த்த முன்னோரின் வழக்கம் இன்றைய இயந்திரத்துக்கும் வேண்டியதே. அளவுகோலைத் துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கும் கமக்காரரின் இயந்திரம், பயிர் நீருக்கு ஏங்கும் நாளிலே அவரைக் கைவிடாது.