தவக்கால நடைக்குத் திருச்சிக் குன்றுகள்

இளவேனிற் காலம் எது என்று இலக்கணம் பயின்ற மாணவனைக் கேட்டால், சித்திரையும் வைகாசியும் என்று தயங்காமல் விடை கூறுவான். அவ்விடை ஏட்டுக்குப் பொருந்தும். திருச்சிராப்பள்ளிக்குப் பொருந்துமா என்பது ஐயமே. சித்திரை நண்பகலில் மலைக்கோட்டையின் வெளிப்பாறையில் வெறுங்காலை ஊன்றிப் பார்த்தவர் எவரும் அதை இளவேனில் என அழைக்க உடன்படார். வெயில் 40 பாகை செல்சியஸையும் தாண்டும் நாள்கள் அவை. மாமரம் பூத்து, விடியலில் மெல்லிய பனி தங்கி, நண்பகலில்கூட மர நிழல் குளிர்ந்திருக்கும் தை, மாசித் திங்கள்களே நம் பகுதியின் மெய்யான வசந்தம். பங்குனி பிறந்து சில நாள் வரை அதன் சாயல் நீடிக்கும். பிறகு கதவு சாத்தப்படும்.

தவக்காலத்தின் பெரும்பகுதி இந்நாள்களை ஒட்டியே வருகிறது. தவக்கால இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் ஆண்டவர் உருமாறிய நிகழ்ச்சி நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. மூன்று சீடரையும் அவர் மலைமேல் கூட்டிச் சென்றார் எனக் கேட்கும் நாம், அம்மூவரும் அங்கே நடந்தே ஏறினர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பங்குகளின் இளைஞர் மன்றங்களோ மே மாத விடுமுறையில்தான் மலைக்குப் புறப்படுகின்றன. வேன் அமர்த்தி, கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் வயிறு குமட்டி, அருவிக்கரையில் ஒரு மணி நேரம் நின்று, நிழற்படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். மலையைக் கண்டனர், மலையில் நடக்கவில்லை.

நடப்பதும் ஏறுவதும் பக்திக்கு அயலானவை என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ பிரசாத்தி, இத்தாலியின் தூரின் நகரத்து மாணவர். ஏழைகளின் இல்லங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்ற அவ்விளைஞர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் ஏறினார். 1925-இல், தம் 24-ஆம் வயதில் மறைந்தார். திருத்தந்தை பதினோராம் பத்திநாதரும் இளமையில் தேர்ந்த மலையேறி என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

நமக்கு ஆல்ப்ஸ் இல்லை. ஆனால் வாயிற்படியிலேயே மலைக்கோட்டை இருக்கிறது. உயரம் 83 மீட்டரே. விடிந்ததும் ஏறத் தொடங்கினால் வெயில் உறைக்குமுன் இறங்கிவிடலாம். பிற சமயத்தாரின் வழிபாட்டிடம் ஆதலின், காலணியை அடிவாரத்தில் விட்டு, அவர்களது ஒழுங்கை மதித்து, வெளிப்பாறையில் நின்று காண்பதே முறை. கீழே காவிரி, அப்பால் கொள்ளிடம், இரண்டுக்கும் இடையே ஒரு தோணிபோல் திருவரங்கத் தீவு. 1987-இல் நிறைவுற்ற அதன் இராஜகோபுரமும், இப்பால் தெப்பக்குளத்தருகே நம் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரமும் ஒரே பார்வையில் அடங்கும். தெளிந்த காலையில் வடமேற்கே கொல்லிமலை நீலக்கோடாகத் தெரியும். படியேற இயலாத முதியோரையும் குழந்தைகளையும் திருவரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லலாம். அங்கு சமதளத்தில் நிழலிலேயே நடக்கலாம்.

ஆயினும் தவக்கால நடைக்கென ஓரிடத்தை மட்டும் சொல்லுமாறு கேட்டால், யாம் நார்த்தாமலையையே சொல்லுவோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் தெற்கே சென்றால், முழுநாள் பயணத்துக்கு ஏற்ற தொலைவுதான். காடு அடர்ந்த மலையன்று. யானை படுத்தாற்போன்ற மொட்டைப் பாறைகள். மேலமலைச் சரிவில் மெல்ல ஏறினால், வழியில் பாறைச் சுனை ஒன்று. அதற்கும் மேலே, ஊரின் ஓசை எட்டாத இடத்தில், விசயாலய சோழீச்சுரம் என்னும் கற்றளி. வட்டமான கருவறை கொண்டது. மழையால் பழுதுற்ற அக்கோயிலை முத்தரையர் காலத்தில் ஒருவர் செப்பனிட்டதைக் கல்வெட்டே தெரிவிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் நம் முன்னோர் மராமத்துக் கணக்கு எழுதியிருக்கின்றனர் எனப் பங்குத்தந்தையர் ஆறுதல் கொள்ளலாம்!

அங்கிருந்து அண்மையிலேயே சித்தன்னவாசல். ஓவியக் குகையைக் கண்டு திரும்பிவிடுவோரே மிகுதி. குன்றின்மேல் ஏறி, மறுபுறம் ஏழடிப்பட்டம் செல்லும் குறுகிய பாறை விளிம்பில் இரும்புக் கம்பியைப் பற்றி நடப்பவரே அவ்விடத்தின் பொருளை உணர்வர். அங்கே சமண முனிவர்க்கென வெட்டிய 17 கற்படுக்கைகள் உள்ளன, தலையணையும் கல்லே. ஒரு படுக்கையில் கிறிஸ்து பிறப்புக்கு முற்பட்ட தமிழ்பிராமி எழுத்துகள். ஒருவேளை உணவைக் குறைத்துவிட்டு அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசும் நாம், அப்படுக்கையின்முன் சற்று மௌனமாய் நிற்பது நன்று.

கொல்லிமலையும் பச்சைமலையும்? கண்டிப்பாகச் செல்லுங்கள், ஆனால் தையிலேயே. இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணமுண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்ற இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாசி பிற்பகுதியில் இலையுதிர்ந்த காடு வைக்கோற்போராகக் காய்ந்து கிடக்கும்; ஒரு பொறி போதும். தீ சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட விரைவாய் ஏறும். அதன் பின்னரே மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளை வனத்துறை வழிகாட்டிகளுடன் திறந்துவைத்தது. மறு ஆண்டே, பிப்ரவரி நடுவிலிருந்து இரு மாதங்களுக்குத் தீப்பருவம் கருதி அவற்றை மூடியும் வைத்தது. புளியஞ்சோலையிலிருந்து ஆகாயகங்கை நோக்கி ஏறும் காட்டுவழியில் வனத்துறையின் இசைவின்றிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், அன்புமிகுதியால் அல்ல, அறியாமையால் அனுப்புகின்றனர்.

தையில் கொல்லிமலை சேர்வோர் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்கிய ஒவ்வொரு படியையும் திரும்ப ஏறவேண்டும் என்பதை முழங்கால் வலியுடையோர் முன்கூட்டியே நினைக்க. சாலையில்லாக் காலத்தில் இம்மலையில் ஜெசி, எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயச் சீர்திருத்த சபைத் தம்பதியர் மலைமக்களுக்கு மருந்தளித்து வாழ்ந்தனர். கணவர் 1929-இல் காய்ச்சலில் மாண்டார். மனைவியார் முதுமையிலும் மலைகளை விட்டகலாது உழைத்து 1974-இல் மறைந்தார். 1914-இல் பிறந்த அவர்தம் மகன் பால் பிராண்டே, பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியவர்.

நார்த்தாமலைக்குச் செல்வோர் ஆளுக்கு இரண்டு லிட்டர் நீரேனும் எடுத்துச் செல்க. பாறைமேல் குடிநீர்க் குழாய் இல்லை. காலை பத்து மணிக்குள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்குக. கொண்டுசென்ற நெகிழிப் பைகளைக் கொண்டே வருக. கட்டுச்சோறாகப் புளிச்சோறே சிறந்தது, மாலைவரை கெடாது. தவக்கால வெள்ளியன்று செல்ல நினைக்கும் இளைஞர் மன்றத்தார்க்கு வேறு உணவைப் பற்றிய சோதனையும் அதனால் எழாது.