தோப்புக் கணக்கை அப்பா இருக்கும்போதே பேசுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மரத்தில் காய்ப்பு குறைந்தால் அன்றைக்கே வீட்டில் பேச்சு வந்துவிடும். தோப்பு யாருக்கு என்பதை மட்டும் அப்பாவின் கருமாதி முடியும்வரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால், "எப்படா போவார்னு காத்திருக்கான்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம்.

பிறகு பட்டா மாற்றப் போனால் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் அம்மா, மகன்கள், கட்டிக்கொடுத்த மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவின் தாயார் என எல்லோர் பெயரும் வரும். "அம்மிணிக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே, கையெழுத்துப் போட்டுருவா" என்று நினைத்திருந்த இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. செய்த சீரைப் பங்காகச் சட்டம் கழிப்பதில்லை.

இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் சொல்வது இது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களுக்கு அது கிடையாது. 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20.12.2004க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது. வெறும் வாய்ப்பேச்சுப் பாகம் பெரும்பாலும் நிற்காது. அப்பா சுயமாக வாங்கிய நிலத்தை அவர் விரும்பியவருக்கு எழுதலாம். எழுதாமல் போனால் மேலே சொன்ன அத்தனை பேருக்கும் சமம்.

பேசாமல் விட்டால் எத்தனை காலம் இழுக்கும்? தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன அருணாச்சல கவுண்டர் – பொன்னுசாமி வழக்கைப் பாருங்கள். உயில் இல்லாமல் இறந்த ஒருவரின் சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய ஒரே மகளுக்கா, அவருடைய சகோதரர் மகனுக்கா என்பதே கேள்வி. 1991ல் போட்ட வழக்கு. மகளுக்கே என்று தீர்ப்பு வந்தது 2022 ஜனவரியில். அந்த மகள் 1967லேயே இறந்துவிட்டார்.

பங்கு என்றதும் ஏக்கரை மட்டும் அளக்காதீர்கள். ஆறு ஏக்கரை மூன்றாகப் பிரித்தால் கிணறு ஒருவர் பக்கம் போய்விடும். யாருக்கு எந்த நாள் தண்ணீர், மோட்டார் ரிப்பேர் செலவு யாருடையது, தாத்தா பெயரில் கிடக்கும் இலவச மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், தேங்காய் வண்டி எந்த வழியாக வரும், பி.ஏ.பி. தண்ணீர் யார் காட்டைத் தாண்டி வரும் என்பதெல்லாம் பத்திரத்தில் ஏற வேண்டும். ஒரு பங்கில் நல்ல காய்ப்பு மரம், மற்றதில் வேர் வாடல் பிடித்த மரம் என்றால் ஏக்கர் சமமாக இருந்தும் வருமானம் சமமில்லை. சொசைட்டிக் கடன், நகை அடமானம், கைமாற்று ஆகியவற்றையும் சேர்த்தே பிரிக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தால் நாளைக்குச் சோறு போடுவானா என்ற பெரியவர்களின் பயம் நியாயமானதுதான். அவர்களுக்கு உயில் ஏற்றது. இரண்டு சாட்சிகள் போதும், எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை அப்படி லேசில் மாற்ற முடியாது. அதை எழுதுவதென்றால் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். மீறினால் 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து கேட்கலாம்.

மகள்களையும் வரச்சொல்லி உட்காருங்கள். முதல் நாளே பங்கு பேச வேண்டியதில்லை. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கடன் நோட்டு எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்து வைத்து, எது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து முடிக்கவே அன்றைய பொழுது சரியாக இருக்கும்.