கரண்ட் போனால் ஃபியூம் ஹுட்டில் என்ன நடக்கும்?

ரசாயன ஆய்வகங்களில் நச்சு வாயு கிளம்பும் சோதனைகளை ஃபியூம் ஹுட் என்ற கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் மொட்டைமாடியில் இருக்கும் விசிறி, ஆய்வகக் காற்றைக் கூண்டின் முன்திறப்பு வழியே இழுத்து, குழாயில் வெளியேற்றுகிறது. திறப்பில் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர்தான், மனிதர் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. தலைக்கு மேல் சுழலும் சீலிங் ஃபேனே அந்த ஓட்டத்தைக் கலைத்து வாயுவை வெளியே இழுத்துவிடும்.

இத்தகைய ஆய்வகங்கள் உள்ள கல்வி நிறுவனங்களாகச் சென்னையின் கிண்டி வட்டாரத்தில், 1944-இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் தாக்கியபின் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய ஊரில் மின்தடையை எதிர்பார்த்தே சோதனையைத் தொடங்க வேண்டும்.

மின்தடையாவது உடனே தெரிந்துவிடும். விசிறியின் பெல்ட் அறுந்தால் தெரியாது: கூண்டுக்குள் விளக்கு எரியும், இழுப்பு இருக்காது. முன்திறப்பை மூடும் கண்ணாடிக் கதவின் கீழ்விளிம்பில் ஒட்டிய டிஷ்யூ காகிதத் துண்டு உள்நோக்கி ஆடுகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை.

இழுப்பு நின்றால் முதல் வேலை, அந்தக் கதவை முழுவதும் கீழே இறக்குவது. கதவுக்கு வெளியிலிருந்தே எட்டும் வால்வுகளை மூடி, சுவிட்சுகளை அணைக்கலாம். உள்ளே தலையை நீட்டக் கூடாது. கரண்ட் போனாலும் கேஸ் பர்னர் எரிந்துகொண்டேதான் இருக்கும், எண்ணெய்க் குளியலின் சூடும் சட்டென்று ஆறாது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குளிர்நீர் சிறிது நேரம் ஓடும்; மோட்டாரில் சுழலும் குளிர்நீர் அப்போதே நின்றுவிடும். வாயு கசியும் வாய்ப்பு இருந்தால் எல்லோரும் வெளியேறி, பொறுப்பாளரிடம் சொல்வதே சரி.

மூக்கை நம்புவது பேராபத்து. உப்புப் பகுப்பாய்வில் பயன்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று மாணவர் நினைக்கும் நேரத்தில் வாயு கூடிக்கொண்டிருக்கலாம்.

கரண்ட் திரும்பும்போது அணைக்காத ஹீட்டிங் மேன்டில் என்ற மின்சூடேற்றி தானாகச் சூடேறும்; ஆகவேதான் சுவிட்சை முன்பே அணைப்பது. விசிறி சில நிமிடம் ஓடி, காகிதத் துண்டு மீண்டும் உள்நோக்கி ஆடிய பிறகே கதவை உயர்த்தலாம். அது ஆடாவிட்டால் ‘பழுது’ என்று எழுதி ஒட்டி, சரிசெய்யும்வரை கூண்டை மூடியே வைக்க வேண்டும்.