நிலக்கரிக்காக ஒரு போர்

சென்ற மாதம் ஓரிரவு நான் கொழும்பு நகரின்மீது படையெடுத்தேன். வாசகர் திடுக்கிட வேண்டா. படையெடுப்பு நிகழ்ந்தது என் தமக்கை மகனுடைய கணினித் திரையிலேதான். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பது மெய்.

ஆட்டத்தின் பெயர் ‘சிவிலைசேசன்’. சிட் மெயர் என்பார் 1991 இல் வெளியிட்ட ஆட்டத்தின் வழிவந்த ஐந்தாவது அது. 2010 இல் வெளிவந்தது. சதுரங்கத்திற்போல ஒருவர் தம் முறையை ஆடி முடித்த பின்னரே மற்றவர் ஆடுவர். கி. மு. 4000 இல் ஓர் ஊரை நிறுவி, குடிகளைப் பெருக்கி, நம் காலம் வரைக்கும் ஓர் அரசை நடத்திவர வேண்டும்.

இவ்வாட்டத்தின் சூட்சுமம் வளங்களை ஒளித்துவைப்பதில் இருக்கிறது. இரும்பின் பயனை அறியாத அரசனுக்கு நிலப்படத்தில் இரும்பு தோன்றாது. அதற்குரிய வித்தையைக் கற்றபின்னரே, இதோ இருக்கிறேன் என்று ஏதோவொரு குன்றில் அது தலைகாட்டும். அக்குன்று நம் எல்லைக்குள் இருந்தால் நற்பேறு. அயலான் எல்லையில் இருந்தால், நேற்றுவரை நமக்கு ஒரு பொருட்டாயிராத அவன் இன்று முதல் நம் சிந்தையில் குடியேறிவிடுகிறான்!

2001 இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில், ஓர் இரும்புச் சுரங்கத்தைப் பாதையால் நகரோடு இணைத்துவிட்டால் எத்தனை வாட்படைகளையும் ஆக்கலாம். ஆனால், சுரங்கம் ஒருநாள் திடீரென வற்றிப்போகவுங் கூடும். ஐந்தாம் ஆட்டமோ கணக்குப்பிள்ளையின் கண்டிப்புடையது. ஓரலகு இரும்புக்கு ஒரு வாட்படை. ஓரலகு நிலக்கரிக்கு ஒரு தொழிற்சாலை. படை அழிந்தால் அதன் இரும்பு மீளும். சுரங்கம் பறிபோனாலோ, இருக்கின்ற படைகளின் வலியே குன்றிவிடும்.

பட்டு, முத்து, தந்தம் முதலிய இன்பப் பொருள்களின் கணக்கு வேறு. முத்துக் கிடைக்கும் இடம் ஒன்றிருந்தால் குடிகள் மகிழ்வர். இரண்டிருப்பதால் அம்மகிழ்ச்சி இரட்டிப்பதில்லை. ஆகவே மிஞ்சிய முத்தைக் கொடுத்து அயலானின் பட்டைப் பெறவேண்டியிருக்கிறது. பிடிக்காதவனோடும் வாணிகஞ் செய்விக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டவர் கெட்டிக்காரர்தாம்.

என் நாட்டில் ஆறு நகரங்கள். நிலக்கரி ஒரு துண்டுதானும் இல்லை. அயலில், எந்தப் பேரரசுக்கும் உட்படாத சிறிய நகர அரசு ஒன்று. ஆட்டத்தை ஆக்கியோர் அதற்கிட்ட பெயர் கொழும்பு. அதன் எல்லையில் நிலக்கரி கறுத்துக் கிடந்தது. மேடைகளில் அறம் பேசிப் பழகியவன் நான். அன்று ஒரு கணமும் தயங்கவில்லை. பீரங்கிகளை அனுப்பினேன், பத்து முறைகளுக்குள் நகர் வீழ்ந்தது.

அதன் பின்னரே என் மடமை எனக்குப் புலப்பட்டது. தொழிற்சாலை கட்டுவதற்கு முன் நகரிற் பட்டறை இருக்கவேண்டும்; என் நகரங்கள் நான்கில் அது இல்லை. ஒரு நகர் ஒரு வேளையில் ஒன்றைத்தான் ஆக்கும். ஒரு குடிமகன் ஒரு கட்டத்திலேதான் உழைப்பான். அவனை வயலில் விட்டால் சுரங்கத்துக்கு ஆளில்லை. பீரங்கி வார்த்த முறைகளிற் பட்டறைகளைக் கட்டியிருக்கலாம். வென்றெடுத்த கரியிற் பெரும்பங்கு நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. கரிதான் குறைவென்று நான் நினைத்திருந்தேன், குறைவாயிருந்தவை முறைகள்.

பிள்ளை அருகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, அந்த நகருக்குப் பொன் கொடுத்து நட்பாக்கியிருந்தால், கரியை அவர்களே தந்திருப்பார்களே. உங்கள் பொக்கிசத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்ததே?” என்றான்.

இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

போருக்கு முந்திய முறையில் அவன் பதிந்துவைத்த ஆட்டம் இன்னும் கணினியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம் என்கிறான்.